உறுப்புப்போலி: புற்றுநோய் ஆய்வில் ஒரு புதிய கருவி

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆந்திர எல்லைக்கு அண்மையில் அமைந்துள்ள ஊர் கும்மிடிப்பூண்டி. ஏரியும் வயலும் சூழ்ந்த அப்பகுதி, சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு வேறு முகம் கொண்டது. இரும்பு உருக்கும் ஆலைகள், உருட்டாலைகள், இரசாயனத் தொழிற்கூடங்கள் எனப் பலவும் அங்கே இயங்குகின்றன. உள்ளூர் மக்களோடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளரும் உலைமுன் நின்று உழைக்கின்றனர். நம் மாணவர் சிலரின் தந்தையரும் தமையன்மாரும் அத்தகைய ஆலைகளில் பணிபுரிவோரே.

அத்தகைய குடும்பம் ஒன்றில் எவருக்கேனும் புற்றுநோய் கண்டால், மருத்துவம் பற்றிய கவலையோடு இரண்டு வினாக்களும் எழுகின்றன. ‘இத்தனை ஆண்டு சுவாசித்த புகைதான் காரணமா?’ என்பது முதல் வினா. ‘தரப்போகும் மருந்து இவருக்குக் கேட்குமா?’ என்பது இரண்டாவது. நோயை மட்டுமன்றி நோயின் மூலத்தையும் ஆராய வேண்டும் என்பது ‘மருந்து’ அதிகாரம் வகுத்த வள்ளுவரின் நெறி. எனவே இவ்வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. ஆயினும் இவற்றைக் கேட்டு விடை பெறுவதற்குரிய ஒரு கருவி அண்மைக் காலத்தில்தான் கிட்டியுள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பகுதியில் புற்றுநோய் மிகுதி என்று நிறுவுவதோ, எந்த ஆலையின் மீதேனும் குற்றம் சாட்டுவதோ நோக்கம் அன்று.

சொல்லும் பொருளும்

ஆய்வுக்கூடத்தில், மனித உயிரணுக்களிலிருந்து வளர்க்கப்படும் மிகச் சிறிய உறுப்பு வடிவங்களை அறிவியலார் ‘ஆர்கனாய்டு’ என்கின்றனர். ஒன்று பெரும்பாலும் கடுகளவே இருக்கும். அதனினும் சிறியனவும் உண்டு. குடல், கல்லீரல், மார்பகம், மூளை எனப் பல உறுப்புகளின் சாயலில் அவை வளர்க்கப்படுகின்றன. இதனை ‘உறுப்புப்போலி’ எனத் தமிழில் வழங்கலாம்.

‘போலி’ என்றதும் கள்ளப் பொருள் என்று எண்ணுதல் வேண்டா. இலக்கணம் கற்ற மாணவர் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி ஆகியவற்றை அறிவர். நிலம் என்பது நிலன் என வரினும், பந்தல் என்பது பந்தர் என வரினும் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் மற்றோர் எழுத்து நின்று அதன் பணியைச் செய்கிறது. உறுப்புப்போலியும் அத்தகையதே. மனிதனின் உறுப்பிடம் கேட்க வேண்டிய வினாவை, அவ்வுறுப்புக்குப் பதிலாக நின்று அது ஏற்றுக்கொள்கிறது.

உடலில் எழுதப்பட்ட பாடங்கள்

இக்கருவியின் அருமையை உணர, முன்னோர் புற்றுநோயின் காரணத்தை எவ்வாறு அறிந்தனர் என்பதைக் காணல் வேண்டும். 1775ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளரிடையே ஒருவகைப் புற்றுநோய் தோன்றுவதைக் கண்டு, புகைக்கரியே அதற்குக் காரணம் என்றார். குறுகிய புகைக்கூண்டுகளுக்குள் ஏறி இறங்கியோர் ஏழைச் சிறுவர்கள். சிறுவயதில் படிந்த கரி, அவர்கள் வளர்ந்த பின்னர் நோயாக வெளிப்பட்டது. 1895இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்னும் மருத்துவர், சாயத் தொழிற்சாலைப் பணியாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை எடுத்துரைத்தார்.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் மருத்துவ வரலாற்றில் போற்றப்படுகின்றன. ஆயினும் இவற்றின் அடியில் உள்ள உண்மை கசப்பானது. தொழிலாளர் முதலில் நோயுற்றனர், பலர் மாண்டனர், அதன் பின்னரே மருத்துவர் எண்ணிப் பார்த்துக் காரணத்தை அறிந்தனர். தொழிலாளியின் உடலே அன்றைய சோதனைக் குழாயாக இருந்தது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஓர் அங்கமாக, பிரான்சின் லியோன் நகரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1965 முதல் செயல்பட்டு வருகிறது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று ஐயமற நிறுவப்பட்டவற்றை அது முதல் தொகுதியில் வைத்துள்ளது. பென்சீன், கல்நார், அறுபிணைப்புக் குரோமியம், பற்றவைப்புப் புகை ஆகியன அத்தொகுதியில் உள்ளன. இரும்பு, எஃகு வார்ப்புத் தொழிலில் நேரும் தாக்கமும் அதில் அடங்கும். புகையிலையும் பாக்கும் அதே தொகுதியைச் சேர்ந்தவை. ஆலையின் புகையை மட்டும் குறைகூறிவிட்டு, வாயில் அடக்கிய புகையிலையை மறந்துவிடுதல் கூடாது என்பதற்காகவே இதனையும் இங்குக் குறிப்பிடுகிறோம். இப்பட்டியலில் உள்ளவற்றுள் பலவற்றுக்கு மூலச் சான்றாக அமைந்தவை, பல்லாண்டுகள் தொழிலாளரைப் பின்தொடர்ந்து திரட்டிய நோய்க்கணக்குகளும் இறப்புக் கணக்குகளுமே ஆகும்.

தட்டும் எலியும்

மனிதருக்குப் பதிலாக ஆய்வுக்கூடத்தில் நின்றவை இதுவரை இரண்டு: தட்டில் வளர்த்த உயிரணுக்கள் ஒன்று, எலி மற்றொன்று.

1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றார் ஹென்ரியட்டா லேக்ஸ் என்னும் கறுப்பினத் தாய். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் இடையறாது பெருகின. ‘ஹீலா’ என்னும் பெயரில் அவை உலகெங்கும் பரவி, எண்ணற்ற ஆய்வுகளுக்கு உதவின. ஆயினும் தட்டின் அடியில் ஒரே படலமாகப் பரவி வளரும் உயிரணு, உறுப்பினுள் அண்டை உயிரணுக்களோடு நெருங்கி வாழும் உயிரணுவைப் போல நடந்துகொள்வதில்லை. பல்லாண்டுகள் தட்டிலேயே பெருகி வந்ததால் அதன் இயல்பும் மூலக் கட்டியிலிருந்து விலகிவிடுகிறது.

எலியின் உடலோ முழு உடல். ஆனால் அது மனித உடல் அன்று. எலிக்குப் பலனளித்த மருந்து மனிதருக்குப் பலனளிக்காமற்போன நிகழ்ச்சிகள் பல. இவ்விரண்டிற்கும் இடையே மனித உயிரணுவால் ஆனதும், உறுப்பின் அமைப்பை உடையதுமான ஒன்று தேவைப்பட்டது.

உறுப்புப்போலி வளரும் விதம்

நம் குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அவ்வாறு புதுப்பிக்கும் ஆற்றல், சுவரின் குழிகளில் உறையும் மூல உயிரணுக்களுக்கு உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளவர்ஸ் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடம், 2007இல் அவற்றை அடையாளம் கண்டது. அங்குப் பணியாற்றிய ஜப்பானிய மருத்துவர் தொஷிரோ சாத்தோ, எலியின் குடலிலிருந்து எடுத்த ஒற்றை மூல உயிரணுவைப் பசைக்கூழ் ஒன்றில் இட்டு, வளர்ச்சிப் புரதங்கள் சிலவற்றைச் சேர்த்து வளர்த்தார். அந்த ஓர் உயிரணு பெருகிக் குழியும் மேடுமாக ஒரு சிறு குடலையே அமைத்தது. 2009இல் இச்செய்தி வெளியானது. 2011இல் மனிதக் குடலிலிருந்தும் குடற்புற்றிலிருந்தும் அவ்வாறே வளர்த்துக் காட்டினர்.

விதைக்குள் மரம் அடங்கியிருப்பதைப் போல, உறுப்பின் வடிவம் உயிரணுவுக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது என்பதே இதன் உட்பொருள். தக்க மண்ணும் நீரும் தந்தால் விதை தானே முளைக்கும். தக்க கூழும் ஊட்டமும் தந்தால் உயிரணு தானே அடுக்கிக்கொள்ளும். ஆய்வாளர் கையால் வடிப்பது எதுவும் இல்லை.

நோயாளியின் கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து வளர்த்தால், அந்நோயாளியின் புற்றுநோய்க்கே உரிய உறுப்புப்போலி கிடைக்கிறது. அருகிலுள்ள நலமான திசுவிலிருந்தும் ஒன்றை வளர்த்து இரண்டையும் ஒப்புநோக்கலாம். உறைநிலையில் சேமித்து, வேண்டியபோது மீண்டும் வளர்க்கலாம். 2015இல் குடற்புற்று நோயாளர் இருபதின்மரின் கட்டிகளிலிருந்து வளர்த்த உறுப்புப்போலிகளைக் கொண்டு, ‘உயிருள்ள திசு வங்கி’ ஒன்றைக் கிளவர்ஸ் குழுவினர் உருவாக்கினர்.

காரணம் காணல்

முதல் வினாவாகிய ‘எது காரணம்?’ என்பதற்கு வருவோம். புற்றுநோயின் வேர் மரபணுவில் நேரும் மாற்றமாகும். நச்சுப்பொருள்களுள் பல, மரபணுவில் தமக்கே உரிய வகையில் வடுக்களைப் பதிக்கின்றன. கையெழுத்தைக் கொண்டு எழுதியவரை அறிவது போல, வடுவின் பாங்கைக் கொண்டு அதை விளைவித்த பொருளை அறிய முயலலாம். 2019இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள், சூழலில் உள்ள 79 நச்சுப்பொருள்களை மனித மூல உயிரணுக்களின் மீது செலுத்தி ஆராய்ந்தனர். அவற்றுள் 41 பொருள்கள் தனித்த வடுப்பாங்கைப் பதித்தன.

உறுப்புப்போலியில் நிகழ்ந்த சோதனை இன்னும் தெளிவானது. நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களுள் ஒருவகை, ‘கோலிபாக்டின்’ என்னும் நச்சைச் சுரக்கிறது. அதற்கும் குடற்புற்றுக்கும் தொடர்பு உண்டோ என்ற ஐயம் நெடுநாளாக இருந்தது. நெதர்லாந்து அறிஞர்கள் மனிதக் குடல் உறுப்புப்போலிகளுக்குள் அந்நுண்ணுயிரைச் செலுத்தி, ஐந்து மாதம் தொடர்ந்து அதன் தாக்கத்துக்கு உட்படுத்தினர். பின்னர் மரபணுத் தொகுதியைப் படித்தபோது குறிப்பிட்ட ஒரு வடுப்பாங்கு தென்பட்டது. ஏறத்தாழ 5,900 புற்றுக்கட்டிகளின் மரபணுப் பதிவுகளில் தேடியபோது, அதே வடு குடற்புற்று நோயாளர் சிலரிடம் காணப்பட்டது. 2020இல் வெளியான இவ்வாய்வில் எந்த மனிதரும் நச்சுக்கு ஆட்படுத்தப்படவில்லை.

புகைக்கூண்டுச் சிறுவரின் உடலிலும் சாயத் தொழிலாளியின் உடலிலும் கேட்கப்பட்ட வினாவை, இனிக் கடுகளவான திசுவிடம் கேட்கலாம் என்பதே இதன் பொருள். புதிய இரசாயனம் ஒன்று ஆலைக்குள் நுழையும் முன்னரே அதன் இயல்பை ஒருவாறு அறிய இது வழிகாட்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு குறிப்பிட்ட தொழிலாளியின் நோய்க்கு ஒரு குறிப்பிட்ட ஆலையின் புகைதான் காரணம் என்று இச்சோதனையால் மட்டும் நிறுவிவிட முடியாது. ஒருவரே புகையும் குடித்திருப்பார், உலைமுன்னும் நின்றிருப்பார். பல பொருள்கள் ஒரே வகை வடுவை இடுதலும் உண்டு. வடுவே இடாமல் நோயை வளர்க்கும் பொருள்களும் உள்ளன. அறிவியல் தந்த அளவுக்கு மேல் அதனிடம் சான்று கேட்பது நீதியாகாது.

மருந்து காணல்

இரண்டாவது வினாவுக்கு உறுப்புப்போலி தரும் விடை, நோயாளிக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. ஒரே வகைப் புற்றுநோய் உடைய இருவருக்கு ஒரே மருந்து தரப்படுகிறது. ஒருவர் தேறுகிறார், மற்றவருக்கு முடி உதிர்வும் வாந்தியும் மட்டுமே மிஞ்சுகின்றன. எவருக்கு எம்மருந்து கேட்கும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமாயின் வீண் துன்பமும் வீண் செலவும் குறையும்.

2018இல் இலண்டன் அறிஞர்கள், பிற உறுப்புகளுக்கும் பரவிய குடல், இரைப்பைப் புற்றுநோயாளரின் உறுப்புப்போலிகளில் மருந்துகளைச் சோதித்து, அந்நோயாளரிடம் அதே மருந்துகள் விளைவித்த பலனோடு ஒப்பிட்டனர். உறுப்புப்போலியில் தோற்ற மருந்து, ஒப்பிடப்பட்ட நோயாளர் எவரிடமும் பலன் தரவில்லை. உறுப்புப்போலியில் வென்ற மருந்து, நூற்றுக்கு 88 என்ற அளவில் நோயாளரிடமும் பலன் தந்தது. ஒப்பிடப்பட்ட நோயாளரின் எண்ணிக்கை சிறிது. எனினும் இம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது.

சென்னையில் நிகழ்வன

கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் இரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் புற்றுநோயாளர் நன்கறிந்த இடம் அடையாறு புற்றுநோய் நிலையம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் விடாமுயற்சியால், பன்னிரண்டு படுக்கைகளோடு 1954இல் அது தொடங்கப்பெற்றது. 1955இல் அங்குப் பணியேற்ற டாக்டர் வி. சாந்தா அவர்கள், 2021இல் மறையும்வரை அதனையே தம் வீடாகக் கொண்டு வாழ்ந்தார்.

அந்நிலையத்தின் வளாகம் உள்ள அதே சர்தார் படேல் சாலையில்தான் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் உள்ளது. அங்குள்ள தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி, நோயாளரின் இசைவோடு பெற்ற திசுக்களை ஆய்வுக்கெனப் பாதுகாக்கிறது. மார்பகப் புற்றுநோய் கண்ட இந்தியப் பெண்கள் 480 பேரின் திசுக்களை ஆராய்ந்து திரட்டிய மரபணுத் தரவுகளை, 2025 பிப்ரவரியில் அக்கழகம் ஆய்வுலகிற்கு வழங்கியது. உலகின் மரபணுப் பதிவுகளில் பெரும்பகுதி மேலைநாட்டாருடையது. நம் மக்களின் உணவு வேறு, பழக்கம் வேறு, வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்வதால் வரும் வாய்ப்புற்று நம் நாட்டில் மிகுதி. ஆகவே நம்மவரின் திசுக்களிலிருந்து வளர்ந்த உறுப்புப்போலிகளே நம்மவரின் நோய்க்குச் சரியான விடை கூறும். இத்தகைய தரவுகள் அதற்கு அடித்தளமாகும்.

உறுப்புப்போலி வளர்ப்பில் ஓர் இடையூறு உண்டு. அதற்குள் இரத்தக் குழாய் இல்லாமையால், சற்றுப் பெரிதானதும் நடுப்பகுதிக்கு உயிர்வளியும் ஊட்டமும் எட்டாமல் உள்ளிருக்கும் உயிரணுக்கள் மடிந்துவிடுகின்றன. இதற்குத் தீர்வு தேடியோருள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினரும் அடங்குவர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரோடு இணைந்து, முப்பரிமாண அச்சு முறையில் சிறு வளர்ப்புக்கலம் ஒன்றை அவர்கள் உருவாக்கினர். 2021இல் வெளியான இவ்வாய்வில் முதன்மைப் பங்காற்றியவர் இக்ரம் கான் என்னும் ஆய்வாளர். பல் மருத்துவத்தில் பயன்படும் பிசினால் அச்சிடப்பட்ட அக்கலத்தில் ஊட்ட நீர் இடையறாது பாய்ந்துகொண்டிருக்கும். அதில் மனித மூளை உறுப்புப்போலி வளர்க்கப்பட்டது. உள்ளே மடியும் உயிரணுக்களும் குறைந்தன. ஒரு கலத்தின் அடக்கவிலை ஏறத்தாழ 5 டாலர். கழுவித் தூய்மைசெய்து மீண்டும் பயன்படுத்தலாம். மூளைக்கென அமைந்த கலமாயினும், செலவு மிகுந்த இத்துறையில் எளிய விலைக் கருவியைப் படைக்க நம் மண்ணில் இயலும் என்பதை அது காட்டிற்று.

சட்டமும் இதற்கு இடமளித்துள்ளது. புதிய மருந்துகள் பற்றிய இந்திய விதிகள் 2023 மார்ச்சில் திருத்தப்பட்டு, விலங்குச் சோதனைக்கு மாற்றாக ஏற்கத்தக்க முறைகளுள் உறுப்புப்போலியும் சேர்க்கப்பட்டது.

குறைகளும் எல்லைகளும்

மகரம் நின்ற இடத்தில் னகரம் நிற்கலாம் என்பதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் எழுத்தை மாற்ற இலக்கணம் இசைவதில்லை. உறுப்புப்போலிக்கும் அத்தகைய எல்லை உண்டு. இரத்த ஓட்டமும், நரம்பும், நோயெதிர்ப்பு அணுக்களும் அதில் இயல்பாக இல்லை. ஆகவே நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளை அதில் சோதிப்பது கடினம். நுரையீரல் வழியே சென்ற புகை, கல்லீரலில் மாற்றமுற்றுச் சிறுநீர்ப்பையைத் தாக்கும் நெடும்பயணத்தை ஒற்றை உறுப்புப்போலியால் காட்ட இயலாது. எல்லாக் கட்டியும் வளர்வதில்லை; வளர்வனவற்றுக்கும் வாரங்கள் ஆகும்; நோயோ காத்திருப்பதில்லை. பெரும்பாலும் பயன்படும் பசைக்கூழ் எலியின் கட்டியிலிருந்து எடுக்கப்படுவதாகும். எனவே விலங்கிலிருந்து முற்றும் விடுபட்ட முறை என்றும் இதனைக் கூறிவிட முடியாது.

அமானிதம்

இறுதியாக, நம் பெரியோர்கள் எழுப்பக்கூடிய வினா ஒன்று உண்டு. ஒருவரின் உடலிலிருந்து பிரிந்து, அவர் மறைந்த பின்னரும் ஆய்வுக்கூடத்தில் உயிர்த்திருக்கும் அத்திசு யாருடையது?

ஹென்ரியட்டா லேக்ஸின் வரலாறு இதற்கு ஒரு படிப்பினை. அவரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அவர் 1951இலேயே மறைந்தார். அவருடைய உயிரணுக்கள் வணிகப்பொருளாகி உலகைச் சுற்றிவந்த செய்தி, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே குடும்பத்தாருக்குத் தெரியவந்தது. 2023இல்தான் ஒரு நிறுவனம் அக்குடும்பத்தாரோடு உடன்பாடு கண்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாக உள்ளன. திசுவுக்கு உரியவர் அதனைத் தந்தவரே. அதனைக் காக்கும் நிறுவனம் பொறுப்பாளர் மட்டுமே. தந்தவர் தம் இசைவைத் திரும்பப் பெறவும் உரிமையுண்டு. உடலை இறைவன் ஒப்படைத்த அமானிதமாகக் கருதும் நம் குடும்பங்களுக்கு இக்கருத்து அயலானது அன்று. அமானிதத்தை ஏற்றவன் அதற்கு உடைமையாளன் ஆகான். கேட்கும்போது கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவன்.

ஆனால் விதி தாளில் இருந்தால் போதாது. தமிழே அறியாத பீகார்த் தொழிலாளி, அறுவைக்கு முந்தைய இரவில், படிக்கத் தெரியாத படிவத்தில் இடும் கைரேகை உண்மையான இசைவு ஆகுமா? எதற்காகத் திசு எடுக்கப்படுகிறது, எவ்வளவு காலம் வைக்கப்படும், மறுத்தால் மருத்துவம் தடைப்படுமா என்பவற்றை அவருடைய மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மொழி கற்ற மாணவருக்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. இசைவுப் படிவத்தை எளிய தமிழில் எழுதுவதும், அதைப் படித்துப் பொருள் விளக்குவதும் இலக்கியப் பணிக்குக் குறைந்தவை அல்ல.

நிறைவுரை

புகைக்கூண்டுச் சிறுவரின் உடலில் தொடங்கிய பாடம், இன்று கடுகளவான திசுவில் தொடர்கிறது. நச்சின் இயல்பை அறிய இனி ஒரு தலைமுறைத் தொழிலாளர் நோயுறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்னும் நம்பிக்கையை உறுப்புப்போலி தருகிறது. அது தரும் விடை முழுமை பெறும்வரை, ஏற்கனவே அறிந்தவற்றைச் செயற்படுத்துவதற்குத் தடை ஏதும் இல்லை. ஆலையில் புகைபோக்கியும் முகக்காப்பும் இருத்தல் வேண்டும். வாயில் புகையிலை இல்லாதிருத்தல் வேண்டும். ஆறாத புண்ணும் காரணமற்ற இரத்தக் கசிவும் தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். பென்சீனும் கல்நாரும் தீயவை என்பதற்கு இனிப் புதிய ஆய்வு தேவையில்லை. முன்னைய தொழிலாளர் தம் உடலால் எழுதிவைத்த பாடம் அது. அதனைப் படித்த பின்னரும் ஒரு தொழிலாளியைக் காப்பின்றி உலைமுன் நிறுத்துவோமாயின், குறை அறிவியலுடையது ஆகாது, நம்முடையதே ஆகும்.